எழு-விழுவா, தாழ்ப்பாளா?

"ஃபிளிப்-ஃபிளாப் என்பதைத் தமிழில் எழு-விழு என்கிறோம். அதாவது, இதன் வெளியீடு எழுந்து விழுந்துகொண்டே இருக்கும்." கணினிக்குள் 0 அல்லது 1 என்ற ஒரு நிலையைப் பிடித்துவைக்கும் ஃபிளிப்-ஃபிளாப் என்ற மின்னணுச் சுற்றைப் பற்றிய ஒரு காணொளிப் பாடத்தில் போன வாரம் இதைக் கேட்டேன். முதல் வாக்கியத்தைப் பல வருடமாகச் சகித்துவருகிறேன். என்னை எழுத வைத்தது இரண்டாவது வாக்கியம். அது அப்பட்டமான தவறு. பாடம் நடத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல் எங்கே இழுத்ததோ அங்கே போயிருக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. இந்தச் சுற்றைச் செய்தவர்கள் வில்லியம் எக்கிள்ஸ், எஃப். டபிள்யூ. ஜோர்டான் என்ற இரண்டு ஆங்கிலேய இயற்பியலாளர்கள். 1918இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இரண்டு வெற்றிடக் குழாய்களை ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகும்படி குறுக்கே இணைத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் டிரிகர் ரிலே. ஃபிளிப்-ஃபிளாப் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். ஆங்கிலத்தில் அது ஓர் ஒலிக்குறிப்பு. 'இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு' என்பதைக் காதுக்குச் சொல்கிறது. ரப்பர் செருப்புக்கும், நேற்று ஒன்று இன்று ஒன்று பேசும் அரசியல்வாதிக்கும்கூட அதே சொல்தான். வரையறை எதையும் அது சுமக்கவில்லை. சொற்பிறப்பு இவ்வளவுதான், பெரிதாகத் தோண்ட ஒன்றும் இல்லை.

ஒலிக்குறிப்புச் சொல்லை இரண்டாகப் பிளந்து, பாதிக்குப் பாதி பொருள் தேடியதில்தான் கோளாறு தொடங்கியது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளி இலக்கணத்திலேயே படித்தவர்கள் நாம். 'சலசல'வை வேறு மொழிக்குக் கொண்டுபோக நினைக்கும் ஒருவர் முதல் 'சல'வுக்கு ஒரு சொல்லும் இரண்டாவது 'சல'வுக்கு ஒரு சொல்லும் தேடினால் சிரிப்போம். ஃபிளிப்புக்கு எழு, ஃபிளாப்புக்கு விழு என்று அதையேதான் நாம் செய்திருக்கிறோம்.

சரி, அந்தச் சுற்று உண்மையில் என்ன செய்கிறது? எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நார் கேட் இரண்டு. (கேட் என்பது 0, 1 என்ற உள்ளீடுகளைப் பார்த்து ஒரு 0 அல்லது 1ஐ வெளியே தரும் சின்னச் சுற்று.) இரண்டு உள்ளீடும் 0 ஆக இருந்தால்தான் நார் கேட் 1 தரும். ஏதாவது ஒன்று 1 ஆனாலும் 0 தான். முதல் கேட்டின் வெளியீட்டை இரண்டாவதற்கும், இரண்டாவதன் வெளியீட்டை முதலாவதற்கும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மிச்சம் ஓர் உள்ளீடு வெளியே நிற்கும். ஒன்று செட், மற்றது ரீசெட். செட்டில் ஒரு நொடி 1 கொடுத்தால் அந்தப் பக்கத்துக் கேட் 0 ஆகிறது. அதைப் பார்த்து எதிர்ப்பக்கத்துக் கேட் 1 ஆகிறது. இப்போது செட்டை எடுத்துவிடுங்கள். ஒன்றும் மாறாது. எதிர்ப்பக்கம் தரும் 1, இந்தப் பக்கத்தை 0இலேயே பிடித்துவைக்கிறது. இந்தப் பக்கத்து 0, எதிர்ப்பக்கத்தை 1இலேயே பிடித்துவைக்கிறது. ரீசெட் வரும்வரை அல்லது மின்சாரம் போகும்வரை அப்படியே நிற்கும். ஒரு மணி நேரமானாலும் ஒரு வருடமானாலும் சரி. (செட், ரீசெட் இரண்டிலும் ஒரே நேரத்தில் 1 கொடுத்தால் இரண்டு வெளியீடும் 0 ஆகும், பிறகு இரண்டையும் ஒன்றாக விட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பாடப்புத்தகம் அந்த நிலையைத் தடை செய்கிறது.)

கவனியுங்கள், இந்தச் சுற்றின் பெருமையே கையை எடுத்த பிறகும் நிற்பதில்தான் இருக்கிறது. ஒரு பிட் நினைவு என்பது இதுதான். எட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பைட்டைத் தாங்கும் பதிவகம். இப்படி நிற்கிற பொருளுக்கு எழு-விழு என்று பெயர் வைத்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஒருமுறை ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "துடிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் இந்த எழு-விழு நொடிக்கு எத்தனை தடவை எழுந்து விழும்?" பெயரை நம்பிய யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். தானாக எழுந்து விழும் சுற்று வேறு. அதற்கு அலையியற்றி என்று நல்ல பெயரே இருக்கிறது.

எழு-விழுவுக்காக வாதாடுபவர்கள் சொல்லும் ஒரு நியாயம் மட்டும் என்னை யோசிக்க வைத்தது. வெளியீடு இரண்டு, ஒன்று எழுந்தால் மற்றது விழும், அதைத்தான் பெயர் சொல்கிறது என்பார்கள். நல்ல வாதம். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் பாஸ்குல், ஏற்றமும் இறக்கமுமாக ஆடுகிற பலகை. ஆனால் அந்தப் பலகையை நினைத்தவுடன், ஏதாவது ஒரு முனை தரையில் பதிந்து உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்கு வருகிறது. நடுவில் சமமாக நிற்க முடியாமல் தவிப்பதும் வருகிறது. மெட்டாஸ்டபிலிட்டி என்று பொறியாளர்கள் பயப்படுகிறார்களே, அந்தத் தவிப்பேதான். எழு-விழுவில் இதெல்லாம் எங்கே? இரண்டு ஏவல் வினைகள். எழு! விழு! யாரோ உடற்பயிற்சி சொல்லித் தருவது போல இருக்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை, சொல்லை வாக்கியத்தில் வைக்கும்போது வருகிறது. ஃபிளிப்-ஃபிளாப் என்று இன்று கறாராகப் பேசுகிறவர்கள் கிளாக், அதாவது சுற்றுகளுக்குத் தாளம் போடும் சீரான துடிப்பின் விளிம்பில் மாறுகிற வகையைத்தான் குறிக்கிறார்கள். துடிப்பு 0இலிருந்து 1க்கு ஏறும் கணம் எழு விளிம்பு. இறங்கும் கணம் விழு விளிம்பு. இரண்டும் நல்ல சொற்கள், அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. இப்போது சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: "எழு விளிம்பில் இயங்கும் எழு-விழு, விழு விளிம்பில் மாறாது." மொழிபெயர்ப்பாளர் இதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் அன்றே சொல்லைக் கைவிட்டிருப்பார். எழுவதும் விழுவதும் துடிப்பின் வேலை, அந்தப் பெயரைத் துடிப்புக்கே விட்டுவிடலாம்.

புரட்டி என்றொரு சொல்லும் உலவுகிறது. புரட்டு என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது பித்தலாட்டம். அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் துடிப்புக்குத் துடிப்பு புரள்வது டி வகை ஒன்று மட்டும்தான் என்று எழுதப் போனேன், பாருங்கள், அங்கேயே ஒரு குழப்பம். ஆங்கில எழுத்து 'டீ' (T) வகைதான் டாகிள், அதாவது புரள்வது. 'டி' (D) வகை என்பது டேட்டா; துடிப்பின் விளிம்பில் உள்ளீடு என்னவோ அதை எடுத்து வைத்துக்கொள்ளும், எதையும் புரட்டாது. ஜே-கே வகை, இரண்டு உள்ளீடும் 1 ஆனால்தான் புரளும். (ஜே-கே என்பது ஜாக் கில்பியின் முதலெழுத்து என்று சொல்லித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கில்பி தன் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்துகாட்டியது 1958இல். அந்த எழுத்துகளோ 1953இல் எல்ட்ரெட் நெல்சன் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்திலேயே இருக்கின்றன.) ஆக, குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பழக்கத்தை வைத்துக் குடும்பத்துக்கே பட்டப்பெயர் சூட்டுவதுதான் புரட்டி.

புரளும் வகையிலும் நிற்பதுதான் முக்கியம். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. புரளும் ஃபிளிப்-ஃபிளாப் ஒவ்வொன்றும் அதைப் பாதியாக்கும்; 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று. வரிசையின் கடைசியில் இருப்பது அரை நொடி மேலே நிற்கிறது, அரை நொடி கீழே நிற்கிறது. அப்படி நிற்கத் தெரியாவிட்டால் எண்ணிக்கையே கிடையாது.

இருநிலை மாற்றி என்பது இவற்றில் கௌரவமான சொல். இருநிலை, முழுக்கச் சரி. மாற்றிதான் உறுத்துகிறது. மின்மாற்றி, நேர்மாற்றி, அலைமாற்றி என்று தமிழில் மாற்றிகளின் கூட்டம் ஏற்கெனவே தாங்கவில்லை. அவையெல்லாம் உள்ளே வருவதை வேறொன்றாக மாற்றி வெளியே விடுபவை. இது எதையும் மாற்றித் தருவதில்லை, வைத்துக்கொள்கிறது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். கிளாக் விளிம்புக்குக் காத்திராத எளிய வகையை ஆங்கிலத்தில் லாட்ச் என்பார்கள்; அது தாழ்ப்பாள். ஃபிளிப்-ஃபிளாப் என்றால் துடிப்புத் தாழ்ப்பாள். தள்ளினால் மாறும், கையை எடுத்தாலும் அங்கேயே இருக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் திரும்பும். சுற்றின் வேலையை இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கு வாயில் என்று பெயர் வைத்த அதே ஆட்களுக்கு, இரண்டு வாயிலைக் குறுக்கே இணைத்தால் கிடைப்பது தாழ்ப்பாள் என்று தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

சுருக்கி வெறும் தாழ் என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பழைய சொல், அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் 0ஐத் தாழ்நிலை என்கிறோம். "தாழ் தாழ்நிலையில் இருக்கிறது" என்று எழுத நேர்ந்தால், எழு-விழுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தாழ்ப்பாளே இருக்கட்டும்.

துடிப்பு என்ற முன்னொட்டு அலங்காரத்துக்கு அல்ல. சாதாரணத் தாழ்ப்பாள், அனுமதி என்ற உள்ளீடு 1 ஆக இருக்கும் நேரம் முழுக்கத் திறந்தே கிடக்கும். உள்ளே வருவது அப்படியே வெளியே போகும். துடிப்புத் தாழ்ப்பாள் விளிம்பு என்ற அந்த ஒரு கணத்தில் மட்டும் உள்ளே பார்க்கும். 7475 என்ற ஐசியில் (ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லில்) இருப்பவை நான்கு லாட்ச். 7474இல் இருப்பவை இரண்டு ஃபிளிப்-ஃபிளாப். துடிப்புக்கு ஓர் அறை வீதம் தரவை நகர்த்தும் நகர்வுப் பதிவகம் கட்டும்போது பின்னதன் இடத்தில் முன்னதை வைத்தால், ஒரே துடிப்பில் தரவு எல்லா அறைகளையும் தாண்டி ஓடிவிடும். இரண்டையும் எழு-விழு என்றே எழுதியிருக்கும் ஒரு பாடநூலை நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்துப் படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியவரும்?

பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் இன்னொன்று. இந்தச் சுற்றுகளின் பெரிய குடும்பத்தைத் தொடர்ச் சுற்று என்று சிலர் எழுதுகிறார்கள். பள்ளி இயற்பியலில் தொடர்ச் சுற்று என்றால் மின்தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது. மாணவர் ஓமின் விதியோடு வந்து உட்காருவார்! இங்கே சொல்ல வந்ததோ, வெளியீடு இப்போதைய உள்ளீட்டை மட்டும் அல்ல, இதுவரை நடந்ததையும் பொறுத்தது என்பது. இப்போதைய உள்ளீட்டை மட்டும் பார்க்கும் சேர்மானச் சுற்றுக்கு நேற்று என்பதே இல்லை, இதற்கு உண்டு. வரிசைமுறைச் சுற்று என்றால் பொறுத்துக்கொள்வேன். நினைவுள்ள சுற்று என்றால் சந்தோஷப்படுவேன்.

வகுப்பில் ஃபிளிப்-ஃபிளாப் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ரஷ்யர்கள் டிரிகர் என்று இரவல் சொல்லில்தான் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் கணினிகளும் எண்ணத்தான் செய்தன. தமிழில் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர் மட்டும் அகராதியைத் திறக்கும் முன் அந்த இரண்டு நார் கேட்டைக் காகிதத்தில் ஒருதடவை வரைந்து, செட்டிலிருந்து கையை எடுத்துப் பார்க்கட்டும்.