வேட்புமனுவும் கிரைண்டரும்

"வேட்புமனுவை ஆன்லைனில் நிரப்பலாம் என்கிறார்களே, அப்புறம் எதற்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

2020இல், கொரோனாவுக்கு நடுவே வந்த பீகார் தேர்தலை ஒட்டி, மனுவையும் சொத்து விவரம் சொல்லும் படிவம் 26ஐயும் இணையத்தில் நிரப்பத் தேர்தல் ஆணையம் வழி செய்தது. ஆனால் 1951ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளரோ முன்மொழிபவரோ காலை 11 முதல் பிற்பகல் 3 மணிக்குள் நேரில் தரவேண்டும் என்கிறது. எனவே பிரின்ட், நோட்டரி முத்திரை, வரிசை. (வியாழனன்று ஒன்றரைக்கு ராகு காலம் வேறு. மூன்று மணிக்குக் கதவைச் சாத்தப்போவது ராகு இல்லையே!)

கையெழுத்துக்குப் பிறகு யாரும் எதையும் திருத்தவில்லை என்று காட்டத்தான் காகிதம். அதைக் காகிதத்தைவிட நன்றாகச் செய்வது 'ஹாஷ்', அதாவது ஆவணத்திலிருந்து கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுக்கும் கைரேகை. ஷா-256 என்ற முறையை எடுத்துக்கொள்வோம். ஆவணத்தை 512 பிட் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் 64 சுற்று புரட்டி, கூட்டி, கலக்கும். இட்லி மாவு ஆட்டும் கிரைண்டர் மாதிரிதான். இரண்டு பக்கம் போட்டாலும் இருநூறு பக்கம் போட்டாலும் வெளியே வருவது 256 பிட் மட்டுமே. கையிருப்பு 1,25,000 ரூபாயை யாரோ 1,52,000 ஆக்கினார்கள் என்று வையுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்த மாவை எந்தக் கரண்டியில் மொண்டாலும் நிறம் காட்டிக்கொடுக்கிற மாதிரி, அந்த 256இல் ஏறக்குறைய பாதி பிட்டுகள் புரண்டுவிடும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இந்த ஹாஷின் மேல் வேட்பாளர் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் (சாவி என்பது ஒரு நீண்ட எண்) கையெழுத்திட்டால், அதற்கு ஜோடியாக எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். ஆடிட்டர்கள் கம்ப்யூட்டரில் செருகும் டோக்கனுக்குள் இருப்பது இந்த ரகசியச் சாவிதான். 2000இலேயே சட்டம் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது நடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எழுத்தாகத் தட்டியதைக் காகிதமாக்கி, ஸ்கேன் செய்து, படமாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தில் 'கோடி' என்று தேடினால் கம்ப்யூட்டர் விழிக்கும். அதற்கு அது வெறும் புள்ளிக்கூட்டம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தட்டுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஹாஷ் சொல்லாது: டோக்கனைச் செருகியது வேட்பாளர்தானா, அவர் மைத்துனரா என்று. அதுபோக, மனு கொடுத்தபின் அரசமைப்புச் சட்டத்தின்படி அதிகாரி முன்னால் வாய்திறந்து உறுதிமொழி படித்தாக வேண்டும். சரி, அதற்கு அவர் வரட்டும். ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும்.