கும்மி வட்டத்தில் சேரத் தயங்குவோருக்கு ஓர் இயன்முறை மருத்துவரின் குறிப்பு

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி ஆடி மாதத் தொடக்கத்தில் முட்டிவலி என்று என்னிடம் வந்தார். மூட்டில் வீக்கமில்லை, மடக்கி நீட்டுவதிலும் தடையில்லை. படியேறும்போது வலிக்கிறதா என்று கேட்டதற்கு, சற்று நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "வலியெல்லாம் பெருசா இல்லை டாக்டரம்மா. முட்டி சரியில்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தீங்கன்னா, முளைக்கொட்டுக்கு வரலைன்னு சொல்லிக்குவேன்" என்றார். முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிவந்து கும்மியடிப்பதுதான் முளைக்கொட்டு. அவருடைய வீட்டில் அந்த ஆண்டுதான் முதன்முறையாக முளைப்பாரி வைக்கிறார்கள். கும்மியடித்தே பழக்கமில்லாத அவர், ஊரார் பார்க்க முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றி ஆட வேண்டுமே என்று பல நாள் உறங்காமல் இருந்திருக்கிறார்.

சீட்டு நான் எழுதவில்லை. கூச்சத்தை வலியாகச் சொல்லி வருபவர்களை என் தொழிலில் அடிக்கடி காண்கிறேன். ஒயிலாட்டக் குழுவுக்கு நண்பர்கள் இழுக்கும் இளைஞர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதுவதில்லை. அச்சத்தின்போது உடலில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, தோள் இறுகுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இறுகிய உடலோடு ஆடினால் கால் உண்மையிலேயே தடுமாறும். தடுமாறியவுடன் நாம் குனிந்து நம் காலையே பார்க்கத் தொடங்குகிறோம், அதனால் தாளம் காதிலிருந்து நழுவிவிடுகிறது.

ஆகவே அந்த அக்காவிடம், ஒரு வாரத்துக்கு ஆடவே வேண்டாம் என்றேன். முதல் சில நாள்கள் உட்கார்ந்தபடியே பாட்டுக்குக் கை மட்டும் கொட்ட வேண்டும். பிறகு கை கொட்டாமல், அதே பாட்டுக்கு நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே பழகிய பின்புதான் ஓரடி உள்ளே வைத்துக் குனிந்து ஒரு கொட்டு, பின்வாங்கி நிமிர்ந்து ஒரு கொட்டு என்று சேர்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் பழகுவதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் பழகுவது உடலில் நன்றாகப் படியும்.

வட்டத்தில் எங்கே நிற்பது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. எதிர்ப்புறம் ஆடுபவரைப் பார்த்துக் கற்க முயன்றால், அவருடைய வலம் நமக்கு இடமாகத் தெரிந்து குழப்பும். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவருக்கு அடுத்துப் பின்னால் நின்று, அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டு செல்வதே எளிது. அடி தவறினால் நின்றுவிடக் கூடாது, பின்னால் வருபவர் மோதிவிடுவார். கொட்டுவதை விட்டுவிட்டு வட்டத்தோடு நடந்து, அடுத்த வரியின் முதல் கொட்டில் சேர்ந்துகொள்ளலாம். பாட்டெடுத்துக் கொடுப்பவர் பாடி முடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள், ஏனெனில் பாடும்போது அடக்கிய மூச்சு தானாக வெளியேறித் தோள் தளர்கிறது. (முதல் ஆண்டு குலவைச் சத்தத்துக்கே மிரண்டு ஓடியவள் நான்.)

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலையே மிதமான உழைப்புக்கு நாங்கள் சொல்லும் அடையாளம். வரியின் கடைசிச் சொற்களுக்கு மூச்சு பற்றவில்லையென்றால் அந்த அளவை எட்டிவிட்டீர்கள் என்று கொள்ளலாம். பேசவே முடியாமல் இரைத்தால் விலகி உட்காருங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் ஆட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் கரையில் மணலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மணலில் பாதம் புதைந்து நிற்க, உடல் மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். திரும்பும் ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கி வைத்தே திரும்புங்கள். வட்டத்தில் சேர்ந்த அக்கா, முதல் இரண்டு இரவுகள் தாளம் தவறிக் கை கொட்டியதாகவும், அதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை என்றும், சற்று ஏமாற்றத்தோடுதான் என்னிடம் சொன்னார். அவர் சர்க்கரை நோய்க்கும் மருந்து உட்கொள்பவர் என்பதால், அவருக்கு நான் கண்டிப்போடு சொன்னது வேறொன்று. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சீமைக்கருவேல முள் தைத்தாலும் தெரியாது. ஆடப்போகும் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே கூட்டிவிடுங்கள். ஆடி வந்த இரவு காலைக் கழுவித் துடைத்து, இரண்டு உள்ளங்காலையும் விளக்கடியில் வீட்டில் ஒருவரிடம் காட்டிய பிறகே படுக்கச் செல்லுங்கள்.