ஜுவால்: சொல் விளக்கம்

ஜுவால் என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்தில், முக்கியமாக மான்ட்ரியால் நகரத்து உழைக்கும் மக்கள் பேசும் பிரெஞ்சு. பிரெஞ்சில் குதிரைக்கு 'ஷவால்' என்று பெயர். அந்த மக்கள் வாயில் அது 'ஜுவால்' ஆனது. குதிரையைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் என்ற ஏளனமே மொழிக்குப் பெயராகிவிட்டது. 1959இல் 'லெ தெவுவார்' நாளிதழில் பத்திரிகையாளர் ஆந்த்ரே லொராந்தோ மாணவர்களின் பேச்சைக் கண்டித்து எழுதியபோது இந்தச் சொல் பெரிய விவாதத்துக்கு வந்தது.

ஏளனம் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. 'முவா' (நான், என்னை) என்பதை இவர்கள் 'முவே' என்பார்கள். அது பிழையே அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் பாரிஸில் உயர்குடியினரே அப்படித்தான் உச்சரித்தார்கள். அப்புறம், ஆலை முதலாளிகள் ஆங்கிலம் பேசியதால் 'ஜாப்', 'பாஸ்' எல்லாம் உள்ளே வந்தன.

இந்தப் பேச்சை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் மிஷெல் த்ராம்ப்ளே. 1942இல் மான்ட்ரியாலின் ஃபாப்ர் தெருவில், உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தார். அச்சகத்தில் லைனோடைப் இயந்திரத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். முழுக்க ஜுவாலில் அவர் எழுதிய 'லெ பெல் சேர்' நாடகம் 1968இல் மேடையேறியதும் பெரும் சண்டை. 1972இல் அதைப் பாரிஸுக்குக் கொண்டுபோக கியூபெக் அரசு பணம் தர மறுத்தது. மறுவருடமே பாரிஸில் நடந்தது, பாராட்டும் கிடைத்தது. 1978இல் ஒரு நாவல் வரிசையைத் தொடங்கினார். அதன் முதல் நாவல் முழுவதும் 1942 மே 2 என்ற ஒரே நாளில் நடக்கிறது. தான் பிறந்த தெருவின் கதையை இப்படி ஆறு நாவல்களாக எழுதினார். அவற்றில் கதைசொல்லி பொதுப் பிரெஞ்சில் பேச, மனிதர்கள் ஜுவாலில் பேசுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கொச்சை' என்றால் ஏளனம் செய்தவர்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். 'வட்டார வழக்கு' இடத்தைச் சொல்கிறது, வர்க்கத்தைச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது தொல்காப்பியச் சொல்: 'சேரிமொழி'. தேடிப் பொருள் காண வேண்டாதபடி சேரிமொழியால் அமையும் செய்யுளைப் 'புலன்' என்று அந்நூலின் செய்யுளியல் ஒரு வனப்பாகவே, அதாவது செய்யுளின் அழகாகவே வைக்கிறது. பழந்தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம். பின்னால் அந்தச் சொல்லின்மேல் சாதி இழிவு ஏற்றப்பட்டது உண்மை. ஜுவாலும் இழிவாக வைத்த பெயர்தான். அதைப் பேசியவர்களே தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்காட்டு: த்ராம்ப்ளேயின் பெண்கள் மான்ட்ரியால் சேரிமொழியில் சண்டை போடுகிறார்கள்.