நிகழ்நிலை என்பது எந்த நிலை?

அண்மையில் கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த ஒரு கூட்டத்தில், சாதாரண மக்கள் அரசியலில் பங்கெடுப்பதற்கு இணையம் எவ்வெவ்வாறு உதவும் என்பதை விளக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றை வந்தவர்களுக்கெல்லாம் வழங்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட வேலை. ஆனால் ஒரே பக்கத்தில் நிகழ்நிலைப் பிரசாரம், நிகழ்நிலை மனு, நிகழ்நிலைக் கருத்துக்கணிப்பு, நிகழ்நிலை வெறுப்புப் பேச்சு என்று அந்தச் சொல் ஒன்பது இடங்களில் வந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா, மனுவைப் பற்றிய பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, “தம்பி, இந்த நிகழ்நிலை மனு எண்டா நாங்க நேர்ல போய்க் கையெழுத்து வைக்கிறதோ?” என்று ஏற்பாட்டாளரான இளைஞரிடம் கேட்டார். “இல்ல அம்மா, ஒன்லைன்” என்றார் அவர். “அப்ப அதையே போட்டிருக்கலாமே” என்று சொல்லி அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் பிழையாகப் படிக்கவில்லை. தமிழ் தெரிந்த எவரும் படிக்கக்கூடிய விதமாகவே படித்தார். பிழை சொல்லில் இருக்கிறது.

ஒன்லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லைன் என்பது ஆளிநாரில் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்து, நூல், கோடு, பாதை, கம்பி என்று பொருள் விரிந்தது. ஓர் இயந்திரம் அல்லது நிலையம் தொடர்புக் கம்பியில் தொடுக்கப்பட்டிருப்பதையே ஒன்லைன் குறித்தது. 1950களில் மையக் கணினியோடு தொடுக்கப்பட்ட கருவிகளுக்குக் கணினித்துறையினர் அதை வழங்கினர். இணையம் வீடுகளுக்குள் நுழைந்தபின், இணையத்தின் ஊடாக நடப்பது அனைத்துக்கும் அதுவே அடைமொழியாயிற்று. இந்த வரலாற்றில் எந்தக் கட்டத்திலும் ‘நிகழ்தல்’ என்னும் பொருள் அதற்கு இருந்ததில்லை என்பதை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நிகழ்நிலை என்பது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்பது; விரித்தால் நிகழ்ந்த நிலை, நிகழ்கின்ற நிலை, நிகழும் நிலை என்றாகும். நிகழ்காலம், நிகழ்ச்சி, நிகழ்தகவு என நாம் அன்றாடம் கையாளும் சொற்களிலெல்லாம் இந்த நிகழ் என்னும் அடி ‘நடப்பது’ என்ற பொருளிலேயே நிற்கிறது. ஆகவே நிகழ்நிலை என்று கேட்ட மாத்திரத்தில் தமிழ்க் காது ‘இப்போது நடந்துகொண்டிருக்கும் நிலை’ என்றோ ‘கண்முன் நடப்பது’ என்றோதான் கொள்ளும். கம்பியோ, வலையோ, இணைப்போ அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

இந்தச் சொல் கலைச்சொற் பட்டியல்களுக்குள் கிடந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அது இலங்கையின் சட்டத்திலேயே ஏறிவிட்டது. 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான சட்டமூலம், உயர் நீதிமன்றத்தில் பல மனுக்களைச் சந்தித்து, 2024 ஜனவரி 24 ஆம் திகதி 62 இற்கு 108 என்ற வாக்குகளால் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகரின் சான்றுரையோடு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (ஆங்கிலத்தில் ஒன்லைன் சேஃப்டி அக்ட்) ஆயிற்று. அன்றிலிருந்து வானொலிச் செய்தியிலும் பத்திரிகைத் தலைப்பிலும் கட்சிகளின் அறிக்கைகளிலும் நிகழ்நிலை மழையாகப் பொழிகிறது. தேர்தல் காலத்தில் டிக்டொக்கில் வந்த ஒரு காணொளியைப் பற்றிப் பேசுவோரும், வட்ஸ்அப் குழுவொன்றில் பரவிய வதந்தியைப் பற்றி எழுதுவோரும் சட்டத்தின் பெயரிலிருந்து அந்தச் சொல்லைக் கழற்றி எடுத்துத் தம் வாக்கியத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டத்தின் தலைப்பையே ஒருமுறை, முன்னறிவு ஏதுமின்றி, தமிழாக மட்டும் படித்துப் பாருங்கள். நிகழ்நிலைக் காப்பு என்றால் நிகழ்கின்ற நிலையைக் காத்தல். அதாவது இருப்பது இருந்தபடியே இருக்கக் காவல் செய்தல். இச்சட்டம் அரசாங்கத்தை விமர்சிப்போரின் வாயை அடைப்பதற்கே கொண்டுவரப்பட்டது என்று 2023 இல் வாதிட்டவர்கள் தமிழ்த் தலைப்பை மட்டும் நீதிமன்றத்தில் வாசித்துக் காட்டியிருந்தால் போதுமோ என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. மொழிபெயர்த்தவர் அப்படி எண்ணிச் செய்யவில்லை என்பது தெரியும். பாதுகாப்பு என்னும் சொல் இங்கே படைத்துறைக்கும் பொலிசுக்கும் ஏற்கெனவே பட்டா எழுதப்பட்டுவிட்டதால், அதை விலக்கிக் காப்பு என்று அவர் தேர்ந்தெடுத்ததைப் பாராட்டவே வேண்டும். பின்பாதியில் அவ்வளவு கவனம் எடுத்தவர் முன்பாதியை ஏன் பட்டியலிலிருந்து அப்படியே தூக்கி வைத்தார் என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு சொல் சரியா என்று பார்க்க அதன் எதிர்ச்சொல்லை ஆக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. ஒன்லைன் நிகழ்நிலை என்றால் ஒஃப்லைன் என்ன? நிகழாநிலையா? அப்படியானால் வேட்பாளர் ஒருவர் கொளுத்தும் வெயிலில் பம்பலப்பிட்டி மாடிக்குடியிருப்பில் படிப்படியாக ஏறி, கதவு கதவாகத் தட்டி, கைகூப்பி வாக்குக் கேட்பது நிகழாத பிரசாரம். அவருடைய உதவியாளர் அறைக்குள் இருந்தபடி முகநூலில் ஏற்றிவிடும் படம் நிகழ்கின்ற பிரசாரம். இந்த முரணை உணர்ந்தவர்கள் எதிர்ச்சொல்லுக்கு வேறொரு சொல்லை ஒட்டவைத்து ஒப்பேற்றுகிறார்கள். இயல்பாக எதிர்ச்சொல் பிறக்காத இடத்தில் மூலச்சொல்லே ஊனமானது என்பது என் கட்சி.

இன்னொரு குழப்பம் காலத்தைப் பற்றியது. ஒன்லைன் வேறு, அந்தக் கணமே நடப்பது வேறு. 2022 இல் காலிமுகத்திடலில் கோட்டா கோ கம என்னும் போராட்டக் களம் அமைந்திருந்த நாட்களில், அங்கு நடந்ததைத் தொலைபேசி வழியே அந்தக் கணமே ஒளிபரப்பியவர்கள் இருந்தார்கள். அதற்கு நேரலை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. அதே காட்சியின் துண்டை அடுத்த மாதம் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். அது நேரலை அன்று, ஆனாலும் ஒன்லைன். இரண்டையும் நிகழ்நிலை என்று சொன்னால் நேரலைக்கும் பழைய துண்டுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். பழைய காணொளியைப் புதிது போலப் பரப்புவதே தேர்தல் காலத்துப் பொய்களில் பெரும்பகுதியாக இருக்கும்போது, அந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் நமக்கு எதற்கு?

இதைவிடத் தெளிவான உதாரணமும் உண்டு. 2022 ஜூலை 14 ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து தம் பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் சபாநாயகருக்கு அனுப்பினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மறுநாளே அறிவிக்கப்பட்டது. ஒரு சனாதிபதி இணையவழியே பதவி விலகினார் என்று இதைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். நிகழ்நிலையில் பதவி விலகினார் என்று சொன்னால், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கதிரையிலிருந்து எழுந்து போனார் என்றல்லவா தோன்றும்? அதே ஆண்டு ஏப்ரல் 3 ஆம் திகதி ஊரடங்கின்போது சமூக ஊடகங்கள் பல மணிநேரம் முடக்கப்பட்டதையும் இப்படியே பாருங்கள். அன்று அடைபட்டது வழி. நிகழ வேண்டியது தெருவில் நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது.

நிகழ்நிலைக்காக வாதாடுவோரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்புத் துறையில் நீண்டகாலம் இருக்கும் என் நண்பர் ஒருவர் மூன்று நியாயங்கள் சொல்வார். இணையவழி என்பது இணையத்தை மட்டுமே குறிக்கும், வங்கியின் தனி வலையமைப்போடு தொடுக்கப்பட்ட இயந்திரமும் ஒன்லைன்தானே என்பது முதலாவது. இது உண்மையான தடை, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அரசியலில் அந்த இயந்திரத்துக்கு வேலை இல்லை. நாம் பேசும் சட்டமே இணையத்தளம், இணையப்பக்கம், உரையாடல் அறை ஆகியவற்றையும் இணையத்தின் ஊடாக எட்டக்கூடிய பிறவற்றையும்தான் தன் எல்லைக்குள் வைத்துப் பேசுகிறது. பேசுபொருள் முழுவதும் இணையமாக இருக்க, தலைப்பில் மட்டும் இணையம் ஏன் மறைய வேண்டும்? இயந்திரத்துக்கு ‘இணைப்பில் உள்ளது’ என்றால் முடிந்தது. வட்ஸ்அப்பில் ஒருவர் அந்த நேரத்தில் இருக்கிறார் என்பதற்கும் ‘இணைப்பில்’ என்பதே பொருந்தும். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழிலும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

சட்டத்தில் ஏறிய சொல்லை இறக்க முடியாது, குழப்பம் விளைப்பதைவிட இருப்பதோடு ஒத்துப்போவதே மேல் என்பது அவருடைய இரண்டாவது நியாயம். சட்டத்தின் பெயரை நான் மாற்றச் சொல்லவில்லை. பெயர் பெயராகவே இருக்கட்டும். ஆனால் இந்நாட்டுச் சட்டங்களின் இறுதியில் வழக்கமாக வரும் பிரிவு, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண் தோன்றினால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. அந்தச் சிங்கள உரையில் ஒன்லைனுக்கு உள்ள சொல் மார்ககத என்பது. மார்க்கம் என்றால் வழி. மேலோங்கும் உரை வழி என்று சொல்ல, தமிழ் உரை நிலை என்று சொல்வது, அதிலும் வழி என்னும் பழந்தமிழ்ச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வது, எந்தக் கணக்கில் சேரும்?

இணையவழி என்பது வெறும் இரு சொற்களின் சேர்க்கை, நிகழ்நிலையோ புதிதாக ஆக்கிய தூய கலைச்சொல் என்பது மூன்றாவது. இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். இணையம் என்பதும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். அதைச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஆக்கினார் என்பர். அதற்குள் இணை என்னும் அடி கண்ணுக்குத் தெரிந்தபடி இருந்ததால் கொழும்பு, சென்னை, கோலாலம்பூர் எங்கும் யாரும் விளக்கம் கேட்காமலே அது பரவிற்று. மலேசியத் தமிழர் ஒன்லைனுக்கு இயங்கலை என்பார்கள். அலை என்னும் உருவமாவது அதில் இருக்கிறது, ஆனால் நேரலையோடு சேர்ந்து மயக்கும். சிங்கப்பூர்ச் செய்திகளில் இணையம் வழி, இணையவழி என்றே காண்கிறேன். தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் எழுத்து மட்டும் தமிழாக இருந்து பொருள் வேறெங்கோ கிடக்கும் சொல்லைத் தூயது என்று நான் ஏற்பதில்லை. துண்டுப்பிரசுரத்தில் ஒன்லைன் என்றே போட்டிருந்தாலும் அந்த அம்மாவைப்போல நானும் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

இது ஒரு சொல்லோடு நிற்கும் பழக்கமும் அன்று. சமூக ஊடகம் என்று சொல்ல வேண்டியதைச் சமூக வலைத்தளம் என்று எழுதி, தளமே அல்லாத வட்ஸ்அப்பையும் அதற்குள் அடைக்கிறார்கள். அரசியல்வாதி ஒருவரின் பக்கத்தை விரும்பிப் படிப்பவர்களைப் பின்தொடர்பவர்கள் என்கிறார்கள். இருட்டில் காலி வீதியில் யாரோ ஒட்டிக்கொண்டு வருவதுபோல இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது, தாம் எழுதியதை வாசிக்கப்போகும் மனிதரை எண்ணுவதற்குச் செலவிட்டால் இவற்றில் பல பிறந்தேயிரா.

ஆகவே நான் எழுதும்போது செய்வது இது. சட்டத்தையும் அதன்கீழ் அமையும் ஆணைக்குழுவையும் பெயர் சொல்லிக் குறிக்கும் இடத்தில் மட்டும் நிகழ்நிலை. ஏனைய இடங்களில் இணையவழிப் பிரசாரம், இணையவழி மனு, இணையத்தில் பரவும் வெறுப்புப் பேச்சு. அன்றைய கூட்டம் முடிந்ததும் துண்டுப்பிரசுரத்தில் ஒன்பது இடங்களிலும் பேனாவால் வெட்டி இணையவழி என்று எழுதி அந்த இளைஞரிடம் கொடுத்தேன். அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டு, அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்ப்பதாகச் சொன்னார். சொன்னபடியே சேர்த்துமிருக்கிறார். போன கிழமை என் கைக்கு வந்த புதிய தாளில், ஒன்பது இடங்களிலும் ‘இணையவழி நிகழ்நிலை’ என்றிருக்கிறது.