ஈரத்தில் காயும் பிசினும் மூன்றாம் நாள் வீங்கும் முகமும்

பர்மாவில் தட்டோன் பக்கத்தில் தச்சு வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மலிவாகக் கிடைத்த ஒரு செந்நிறக் கட்டையை அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பட்டை உரித்து, அறுத்து, இழைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் மறுநாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாதபடி அவருடைய முகம் வீங்கியிருந்தது. முன்கைகளில் கோடு கோடாகக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. அண்ணனுக்கு ஒரு தடிப்புகூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பர்மியர்கள், மரத்தில் குடியிருந்த யொக்கசோ தெய்வத்தின் கோபம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் முனி அடித்துவிட்டது என்று விபூதி போட்டிருக்கிறார்கள். "ஐயா, இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மரத்தைத் தொட்டிருக்கிறேன், அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏன்? அண்ணனை ஏன் விட்டது? மீதிப் பலகையை என்ன செய்வது?" என்பவை அவருடைய கேள்விகள்.

கருஞ்சிவப்பான வைரக் கட்டை, அதில் மஞ்சள் வரிகள், பட்டையைக் கொத்திய இடத்தில் முதலில் வெளுப்பாகக் கசிந்து பிறகு தார்போலக் கறுத்த பால் என்று அவர் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் அது தித்சி மரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பகானின் புகழ்பெற்ற அரக்குப் பாத்திரங்களுக்குக் கறுப்பும் பளபளப்பும் தருவது இந்த மரத்தின் பிசின்தான். தாவரவியலில் இது மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பம். மலாயாவில் இருந்த நம்மவர்கள் அஞ்சிய ரெங்காஸ் மரமும் இதற்கு நெருங்கிய உறவு. மாங்காயின் காம்புப் பால் உதட்டில் பட்டுப் புண்ணானவர்களும், முந்திரிக் கொட்டையைச் சுட்டு உடைத்துக் கை வெந்தவர்களும் இந்தக் குடும்பத்தின் குணத்தை ஏற்கெனவே அறிவார்கள்.

கொப்புளத்துக்குப் போகும் முன் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாத்திரத்தில் நடப்பதுதான் தோலிலும் நடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பகானில் ஓர் அரக்குப் பட்டறைக்குப் போயிருந்தேன். மூங்கில் சிம்பால் பின்னிய ஒரு கிண்ணத்தின்மேல் கைவினைஞர் வெறும் உள்ளங்கையால் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்கள் எல்லாம் கன்னங்கறுப்பாக இருந்தன. பூசி முடித்த கிண்ணத்தை வெயிலில் வைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ அதை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் தோண்டிய, ஈரம் படிந்த ஓர் இருட்டறைக்குள் இறங்கினார். அரக்கு காய்வதற்கு ஈரம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். ஈரத் துணியைக் காயவைக்க ஈரமான இடத்தைத் தேடுகிறவர் யாரும் இல்லை. இந்தப் பிசின் மட்டும் நம் வழக்கத்துக்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது.

காரணம், இது தண்ணீர் ஆவியாவதால் காய்வதில்லை. பிசினின் பெரும்பகுதி தித்சியோல் என்னும் எண்ணெய். கேட்டகால் என்ற வளையமும் அதில் தொங்கும் ஒரு நீண்ட கரிமச் சங்கிலியும் சேர்ந்தவை அதன் மூலக்கூறுகள். அந்த எண்ணெய்க்குள் மிக நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கின்றன. துளிகளுக்குள் லாக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. காற்று வறண்டிருந்தால் துளிகள் வற்றி நொதி வேலை செய்யாமல் நின்றுவிடும். பிசின் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் இத்தகைய அரக்கு நன்றாக இறுகுகிறது.

லாக்கேஸின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு செம்பு அணுக்கள் உண்டு. கேட்டகால் வளையம் ஒன்று அருகில் வந்தால் அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்கிறது, அடுத்த வளையத்திடம் இன்னொன்று, அதற்கடுத்ததிடம் இன்னொன்று. நான்கு சேர்ந்ததும் காற்றிலிருந்து வந்த ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு அவற்றை மொத்தமாகக் கொடுத்து இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளாக மாற்றிவிட்டு, வெறுங்கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. எலக்ட்ரானை இழந்த வளையங்கள் குயினோன் என்னும் வடிவத்துக்கு மாறுகின்றன. குயினோனுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. பக்கத்தில் எது கிடைத்தாலும் அதோடு பிணைந்துகொள்ளும். பாத்திரத்தில் பக்கத்தில் இருப்பது இன்னொரு தித்சியோல். ஒன்றோடொன்று கோத்து, கோத்ததோடு மற்றொன்று கோத்து, கடைசியில் தண்ணீரும் அமிலமும் தொட முடியாத ஒரு வலையாகக் கிண்ணத்தின்மேல் இறுகிவிடுகிறது. கறுப்பு நிறம் வருவதும் இதே வழியில்தான்.

மோஹிங்கா என்னும் பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸுக்கு வாழைத்தண்டு நறுக்குகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த வேதியியலின் சிறிய வடிவம் நடக்கிறது. நறுக்கிய தண்டு கறுப்பதும், வாழைப்பூ ஆய்ந்த விரல் கறை பிடிப்பதும், நம் பாட்டிமார் அவற்றை உடனே மோர்த் தண்ணீரில் போடுவதும் நொதி ஒன்று கேட்டகால் வகைப் பொருளைக் குயினோனாக மாற்றுவதையும் அதை மோரின் புளிப்பு தடுப்பதையும் சார்ந்தவை. ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் இப்படி ஒரு நொதி இருப்பதை 1883இல் எடுத்துக்காட்டியவர் ஹிகோரோகுரோ யோஷிடா. அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டவர் பிரான்ஸின் காப்ரியேல் பெர்த்ராண்ட். நம் பர்மியப் பிசினின் எண்ணெயை ஆராய்ந்து தித்சியோல் என்று அழைத்தவர் ஜப்பானின் ரிக்கோ மஜிமா.

இப்போது அந்த எண்ணெய்த் துளி கிண்ணத்துக்குப் பதிலாக முன்கையில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தோலின் மேலடுக்கு கொழுப்பு நிறைந்தது. நீண்ட கரிமச் சங்கிலி கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆகவே தித்சியோல் சில நிமிடங்களிலேயே உள்ளே இறங்கிவிடுகிறது. அங்கே மரத்தின் நொதி தேவையில்லை. நம் உடலின் ஆக்சிஜனேற்ற வினைகளே அதைக் குயினோனாக மாற்றிவிடுகின்றன. பிணைந்துகொள்ளப் பக்கத்தில் இன்னொரு தித்சியோல் இல்லை, நம் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள கந்தகத்தையும் நைட்ரஜனையும் பிடித்துக்கொண்டு அது பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. கிண்ணத்தை மெருகேற்றிய அதே வினை. மரத்தின் பிசினுக்கு நம் தோல் பூச வேண்டிய இன்னொரு பரப்பு, அவ்வளவுதான். இந்த ஒற்றுமையை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பிசின் ஒட்டிய புரதத்தை உடல் தன்னுடையதாக அடையாளம் காண்பதில்லை. தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை எடுத்துக்கொண்டு அக்குளிலோ கழுத்திலோ உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய், அந்நியப் பொருளை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டுகின்றன. முதல் தடவையில் பொருத்தமான டி செல்கள் தேர்வாகிப் பெருகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் பிசின் போய்விடுவதால் பெரும்பாலும் வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் நினைவுச் செல்கள் தங்கிவிடுகின்றன. வாசகருக்கு இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை பிசின் பட்டதும் அந்தச் செல்கள் தோலுக்கு வந்து சேர்ந்து அழற்சியை மூட்டுவதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் போதும். அண்ணனின் உடலில் அந்த நினைவு இன்னும் உருவாகவில்லை, அல்லது உருவாகாத உடல்வாகு அவருக்கு. சிலர் ஆயுள் முழுவதும் தப்பிப்பது உண்டு. ஆனால் இன்று தப்பியவர் அடுத்த முறையும் தப்புவார் என்று எண்ணி அண்ணன் வெறுங்கையோடு வேலை செய்யக்கூடாது.

கொப்புளத்து நீரில் பிசின் கிடையாது. அது உடைந்து வழிந்தாலும் மற்றவருக்கோ மற்ற இடத்துக்கோ பரவாது. நாலைந்து நாள் கழித்துப் புதிய இடங்களில் தடிப்பது, அங்கே தோல் தடித்திருப்பதாலோ பட்ட அளவு குறைவாக இருந்ததாலோ தாமதமாக வருவது; அல்லது கழுவாத லுங்கியிலிருந்தும் உளியின் பிடியிலிருந்தும் பிசின் மறுபடி மறுபடி படுவது. தெய்வக் குற்றம் என்ற விளக்கத்தை நான் மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான்: அந்த விளக்கத்தை நம்புகிறவர் உளியைத் துடைக்க மாட்டார். கேரளத்தில் இதே குடும்பத்துச் சேரு மரம் பட்டுத் தோல் வெந்தால் தான்றி மரத்தை வலம் வந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இந்தத் தடிப்பு எதுவும் செய்யாமல் விட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடக்கூடியது என்பதால் தான்றிக்கும் விபூதிக்கும் பெருமை சேர்ந்துகொண்டே போகிறது. மரத்தை வெட்டுமுன் வணங்குகிறவர்களிடம் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை; வணங்கிய கையில் உறையும் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

உறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் உறையை இந்த எண்ணெய் ஊடுருவிவிடும். நைட்ரைல் உறையோ தடித்த வினைல் உறையோ வேண்டும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசி முகமூடி மூன்றும் அவசியம், ஏனென்றால் உலர்ந்த கட்டையிலும் பிசின் வருடக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். உப்புத்தாள் போடும்போது எழும் தூளில் அது கண்ணிமைக்கும் மூக்குக்கும் போகும். வாசகருக்கு முகம் வீங்கிய வழி பெரும்பாலும் அதுதான். பட்டையையும் துண்டுகளையும் அடுப்பில் எரிக்கவே கூடாது. புகைத்துகளில் ஏறிய பிசின் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சந்தேகமான கட்டையாக இருந்தால் ஒரு குச்சியால் பாலைத் தொட்டு வெள்ளைத் தாளில் தடவி வையுங்கள். சிறிது நேரத்தில் பழுப்பாகிக் கறுத்தால் இந்தக் குடும்பம் என்று எச்சரிக்கையாகலாம். லாக்கேஸ் உங்கள் கண்முன்னே வேலை செய்து காட்டுகிறது.

பட்டுவிட்டால் பத்து நிமிடத்துக்குள் சோப்பும் தண்ணீரும் போட்டு, துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிசின் எண்ணெய் என்பதால் தண்ணீரை மட்டும் ஊற்றினால் நகராது. பர்மியர்கள் முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டைக் குழம்பு குளிர்ச்சி தரும், ஆனால் பிசினை எடுக்காது. தித்சி பட்ட இடத்தில் தேக்குத் தூளைக் குழைத்துப் பூசுவது இங்கே பழைய கைமருந்து; தேக்கிலேயே டியாக்சிலபச்சோல் என்ற இன்னொரு குயினோன் இருந்து சில தச்சர்களுக்குத் தோல் அழற்சி உண்டாக்குவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்துணி ஒற்றடமும் காலமைன் பூச்சும் சிறிய தடிப்புக்குப் போதும். முகமோ கண்ணோ வீங்கினால், மூச்சு இரைத்தால், சீழ் வைத்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

இந்தப் பிசினைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சி வேறு நாட்டு ஆய்வகத்தில் நடந்தது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மரம் நம் காட்டில், பாத்திரம் பகானில், கொப்புளம் தட்டோன் தச்சருடைய கையில். மரத்தொழிலாளிகளின் தோலில் பொருளை ஒட்டிப் பார்க்கும் சோதனை செய்து யாருக்கு எந்த மரம் ஆகாது என்று சொல்லும் ஒரு சிறிய மருத்துவமனைப் பிரிவுக்குப் பெரிய செலவு ஆகாது. மரம் விற்ற பணத்தில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்குவது நியாயம் என்பது என் கருத்து.

மீதிப் பலகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள் இழைக்க வேண்டாம். உங்கள் உடலின் டி செல்கள் இனி எளிதில் மறக்காது. அண்ணன் உறையும் முகமூடியும் போட்டு இழைத்து, தூளைத் துடைத்து எடுத்து, வார்னிஷ் பூசிக் காய்ந்த பிறகு அது வீட்டில் இருப்பதால் பொதுவாகத் தீங்கு வராது. வரும் மாங்காய்ப் பருவத்தில் ஊறுகாய்க்கு நறுக்குவதை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள். காம்புப் பாலிலும் மாங்காய்த் தோலிலும் தித்சியோலின் உறவுப் பொருட்கள் இருக்கின்றன. சதையைத் தோல் சீவித் தந்தால் நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.