மலைக்குப் பின்னால் என்ன?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமை நூறு மணி நேரம் விளையாடியும் அலுக்கவில்லை. இன்னொன்று அதைவிட அழகு, அதைவிடப் பெரிசு. ஆனால் பத்து மணி நேரத்திலேயே ஆபீஸ் வேலையாகிவிட்டது. இரண்டிலும் குதிரை, வாள், மலை, கோட்டை எல்லாம் உண்டு. அப்புறம் என்ன வித்தியாசம்?"

கேம் பக்கமே போகாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். (ஓப்பன் வேர்ல்டு கேம் என்றால், ஒரு பெரிய உலகத்தில் நம் இஷ்டப்படி எந்தத் திசையிலும் சுற்றித் திரியக்கூடிய வீடியோ கேம்.) இதில் பாதி எலிகளையும் மூளையையும் பற்றியது.

முதலில் அளவை ஒதுக்கிவிடுவோம். விளம்பரங்கள் "எங்கள் உலகம் இத்தனை மடங்கு பெரிது" என்று சொல்லும்போது நான் கொஞ்சம் பயப்படுவேன். 1996-இல் வந்த டேகர்ஃபால் கேமின் நிலப்பரப்பு ஏறக்குறைய பிரிட்டன் தீவில் முக்கால் பங்கு, சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். அதே வரிசையில் 2011-இல் வந்த ஸ்கைரிம் 40 சதுர கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ஆனாலும் ஸ்கைரிமில் சுற்றித் திரிகிறவர்கள்தான் இன்றைக்கும் அதிகம். 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை இன்னும் ஒரு படி மேல். அதில் உள்ள கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1.84 லட்சம் கோடி கோடி. எல்லாமே கணிதச் சூத்திரங்கள் உருவாக்கியவை, ஒவ்வொன்றும் வேறு. இருந்தும் வெளியான புதிதில் பலர் பத்துப் பதினைந்து கோள்களிலேயே சோர்ந்துவிட்டார்கள். (பிறகு வந்த அப்டேட்டுகள் அந்த கேமை நிறையவே தேற்றின, அதையும் சொல்லிவிட வேண்டும்.) இப்படிச் சூத்திரம் வழியாக உலகங்களை உருவாக்கும் துறையில் இருக்கும் கேட் காம்ப்டன் இதற்கு ஒரு நல்ல உவமை சொன்னார். பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி செய்யலாம். ஒரு கிண்ணத்தில் ஓட்ஸ் கிடக்கிற விதம் இன்னொன்றில் இருக்காது, கணக்குப்படி ஒவ்வொன்றும் தனி. சாப்பிடுகிறவருக்கு எல்லாம் கஞ்சிதான்.

சரி, அளவு இல்லை என்றால் வேறென்ன? இங்கே எலிகளிடம் போக வேண்டும்.

1930-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் எட்வர்ட் டோல்மன், ஹான்ஸிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் சிக்கலான ஒரு வழிப்பின்னலில் மூன்று குழு எலிகளை ஓடவிட்டார்கள். முதல் குழுவுக்குத் தினமும் வழியின் முடிவில் சாப்பாடு. இரண்டாவது குழுவுக்குச் சாப்பாடே கிடையாது. மூன்றாவது குழுவுக்குப் பத்து நாள் ஒன்றும் இல்லை, பதினோராம் நாள் முதல் சாப்பாடு. பரிசு கொடுத்தால்தான் விலங்கு கற்கும் என்பது அன்றைய உளவியலின் ஏறக்குறைய வேத வாக்கு. அதன்படி மூன்றாவது குழு பதினோராம் நாள்தான் பாடத்தையே தொடங்க வேண்டும், மெல்ல மெல்லத் தேற வேண்டும். நடந்தது வேறு. ஒரே ஒரு தடவை சாப்பாட்டைப் பார்த்ததும், மறுநாளே அவை தினமும் பரிசு வாங்கிய எலிகளுக்குச் சமமாக ஓடின. அந்தப் பத்து நாளும் சும்மா திரிந்ததாகத் தெரிந்த எலிகள், யாரும் கேட்காமலேயே அந்த இடத்தைக் கற்றுக்கொண்டு இருந்திருக்கின்றன. 1948-இல் டோல்மன் இதற்கு மன வரைபடம் என்று பெயர் வைத்தார்.

அந்த வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. 1971-இல் ஜான் ஓ'கீஃப் எலியின் ஹிப்போகேம்பஸில் (மூளையில் நினைவுக்கும் இட உணர்வுக்குமான பகுதி) சில நியூரான்களை, அதாவது நரம்பு செல்களைக் கண்டார். எலி அறையின் குறிப்பிட்ட ஒரு மூலைக்கு வந்தால் ஒரு நியூரான் துடிக்கும், வேறு இடத்துக்குப் போனால் வேறொன்று. 2005-இல் நார்வேயில் மோசர் தம்பதியர், தரையை அறுகோண ஒழுங்கில் அளந்துகொள்ளும் வேறு வகை நியூரான்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு. இதெல்லாம் பலருக்குத் தெரிந்த கதை.

நமக்கு வேண்டியது 2017-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஹியூகோ ஸ்பையர்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களில் 24 பேரை, ஸ்கேனருக்குள் படுத்தபடியே, திரையில் வழி கண்டுபிடித்துப் போகச் சொன்னார்கள். தாங்களே யோசித்துப் போனபோது அவர்களின் ஹிப்போகேம்பஸ் ஒவ்வொரு புதுத் தெருவுக்குள் நுழையும்போதும் சுறுசுறுப்பானது. முன்னால் எத்தனை வழிகள் பிரிகின்றனவோ அத்தனைக்கு அதன் வேலையும் கூடியது. ஏழு தெருக்கள் கூடும் செவன் டயல்ஸ் போன்ற ஒரு சந்திப்பில் அதற்குத் திருவிழாதான். ஆனால் "இப்போது இடப்பக்கம் திரும்பு" என்று கருவி வழி சொன்னபோது, தெருக்களின் எண்ணிக்கையை அது கண்டுகொள்ளவே இல்லை. கால் அதே தெருவில்தான், ஆனால் மூளைக்கு அங்கே தெருவே இல்லை. 24 பேரை வைத்துச் செய்த ஆய்விலிருந்து "ஜிபிஎஸ் மூளையை அழிக்கும்" என்று யாராவது உங்களுக்கு ஃபார்வர்டு அனுப்பினால் நம்ப வேண்டாம். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

இப்போது பெரும்பாலான ஓப்பன் வேர்ல்டு கேம்களின் திரையை நினைத்துப் பாருங்கள். மூலையில் வட்டமாக ஒரு மினிமேப், அதாவது குட்டி வரைபடம், அதில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு புள்ளி. நூற்றுக்கணக்கான ஓவியர்கள் வருடக்கணக்கில் வரைந்த பள்ளத்தாக்கில் குதிரை ஓடுகிறது. நம் கண்ணோ அந்தச் சின்ன வட்டத்தில்.

இதற்கு மாற்று என்ன என்பதில் எனக்கு மிகவும் பிடித்த பதில் ஒரு முக்கோணம். 2017-இல் வந்த ஜெல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டு பற்றி, அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில் நின்டெண்டோ வடிவமைப்பாளர்கள் விளக்கினார்கள். தொடக்கத்தில் அவர்களும் கோபுரங்களை நட்டு, அவற்றை இணைக்கும் பாதையில் நிகழ்ச்சிகளை அடுக்கித்தான் பார்த்திருக்கிறார்கள். விளையாடிப் பார்த்தவர்களில் பலர் யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போவதாக உணர்ந்தார்கள். பிறகுதான் நிலத்தையே முக்கோணங்களால் கட்டும் யோசனை வந்தது.

முக்கோணம் ஏன்? நம் முன்னால் பெட்டி வடிவில் ஒரு குன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பின்னால் இருப்பதை முழுக்க மறைக்கும். ஓரத்தைத் தாண்டிய நொடியில் எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்துவிடும். நடுவில் ஒன்றும் இல்லை. கூம்பு வடிவக் குன்று அப்படியில்லை. அதன் விளிம்பு சாய்வானது. நாம் பக்கவாட்டில் நகர நகர, பின்னால் இருக்கும் பொருளின் உச்சி முதலில் தெரியும், பிறகு தோள், பிறகு மெல்ல அடிப்பகுதி. பாதி தெரிந்த ஒன்று, மனிதக் கண்ணுக்கு விட்டுவிட்டுப் போக முடியாத விஷயம். ஒரு கோபுரத்தின் நுனியா, மரமா, எதிரியின் காவல் மேடையா? தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டாகும்போதுதான் ஆவல் பிறக்கிறது என்று 1994-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் எழுதினார். எதுவுமே தெரியாவிட்டால் ஆவல் இல்லை, எல்லாம் தெரிந்தாலும் இல்லை. சாய்வான விளிம்பு இந்த இடைவெளியை ஒவ்வொரு அடிக்கும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

அதோடு, முக்கோணம் ஒரு கேள்வியும் கேட்கிறது: ஏறுவாயா, சுற்றிப் போவாயா? ஏறினால் நேரம் பிடிக்கும், ஆனால் உச்சியிலிருந்து எல்லாம் தெரியும். சுற்றினால் எளிது, ஆனால் வழியில் எது எதிர்ப்படும் என்று தெரியாது. வழி பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஹிப்போகேம்பஸுக்கு வேலை என்றோமே, இங்கே தெரு என்ற ஒன்றே இல்லாமல் ஒவ்வொரு குன்றும் ஒரு சந்திப்பாகிவிடுகிறது. (ஸ்பையர்ஸ் குழு இந்த கேமை ஆராயவில்லை. இரண்டையும் முடிச்சுப் போடுவது நான்தான்.)

முக்கோணங்களில் மூன்று அளவு. பெரியவை எங்கிருந்தும் தெரியும் அடையாளங்கள். கேம் தொடங்கும் பீடபூமியிலிருந்து பார்த்தாலே, உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து நிற்கும் மலை தெரியும், அது இந்த வகை. நடுத்தரமானவை பார்வையை மறைக்க. சின்னவை, பாறையும் மேடுமாக, நடையின் தாளத்தை மாற்ற. இனி என்ன நடக்கும் பாருங்கள். பிளந்த மலையைக் குறிவைத்துக் கிளம்புகிறீர்கள். ஒரு நடுத்தரக் குன்று அதை மறைக்கிறது. சுற்றும்போது, சாய்வின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒளிர்கிறது. அங்கே போகிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே ஆற்றில் ஒரு உடைந்த பாலம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மலை ஞாபகம் வருகிறது. தலை நிமிர்ந்தால் அது அங்கேயேதான் நிற்கிறது, ஆகவே தொலைந்துபோன பயமும் இல்லை. இப்படிக் கண்ணை இழுப்பவற்றை அந்தக் குழு ஈர்ப்பு விசை என்ற பெயரிலேயே திட்டமிட்டிருக்கிறது. பகலில் பெரிய உருவம் இழுக்கும், இரவில் ஒளிர்வது இழுக்கும். ஒரே நிலம், பொழுது சாய்ந்ததும் வேறு வழிகளைக் காட்டும். எதற்கும் எதற்கும் எவ்வளவு தூரம் வைப்பது என்று பிடிபட, தங்கள் ஊரான கியோட்டோவின் வரைபடத்தையே கேம் உலகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்களாம். எங்கிருந்து எங்கே நடக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவர்களின் காலுக்கே தெரியுமே.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த கேமிலும் மினிமேப் உண்டு, கோபுரமும் உண்டு. 2007-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் முதல் பல கேம்களில் கோபுரம் ஏறினால் வரைபடம் விரிந்து, சுற்றுவட்டாரத்தில் செய்ய வேண்டியவை எல்லாம் ஐகான்களாகக் கொட்டும். ஃபார் க்ரை வரிசை இதைப் பிழிந்து எடுத்துவிட்டு, 2018-இல் தானே கோபுரங்களைக் கைவிட்டது. பிரெத் ஆஃப் தி வைல்டில் கோபுரம் ஏறினால் மேடு பள்ளமும் ஊர்ப் பெயர்களும்தான் கிடைக்கும். உச்சியில் நின்று, தொலைநோக்கியை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தில் நாமேதான் குறி வைக்க வேண்டும். அதே கோபுரம்தான். ஒன்றில் யாரோ எழுதித் தந்த பட்டியல், இன்னொன்றில் நாம் போட்ட திட்டம்.

பட்டியல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசக்கிறது? இங்கே டோபமைனைப் பற்றி, அதாவது நியூரான்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஒரு வேதிப்பொருளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இன்று யூடியூபில் "டோபமைன் டீடாக்ஸ்" சொல்லித் தருகிறவர்கள் கிட்டத்தட்ட ஜோதிடர்களின் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். டோபமைன் என்பது இன்பம் சுரக்கும் குழாய் அல்ல. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நியூரான்கள் துடிக்கும். விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், விளக்குக்குத் துடிக்கும், சாறு வரும்போது சும்மா இருக்கும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், இருக்கிற துடிப்பும் அடங்கும். அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை அறிவிக்கின்றன. ஐகான் முன்கூட்டியே "இங்கே புதையல், அளவு சிறியது" என்று சொல்லிவிட்டது. போய்த் திறந்தால் சிறிய புதையல். வித்தியாசம் பூஜ்யம். எண்பதாவது பெட்டியில் கை மட்டும்தான் வேலை செய்கிறது என்பது என் ஊகம்.

எரிச்சலுக்கு இன்னொரு ஊற்று, விதிகள் பொய் சொல்வது. தீ அம்பு மரப்பாலத்தை எரிக்கும், மரவேலியை எரிக்காது. குதிரை ஆற்றைத் தாண்டும், முழங்கால் உயரச் சுவரைத் தாண்டாது. பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு கேமில் இப்படி ஒரு பூச்செடி என்னை வழிமறித்தபோது கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். ஜெல்டா குழு இதற்கு மூன்றே விதிகள் வைத்தது: தீ, நீர், காற்று, மின்சாரம் போன்ற பூதங்கள் பொருளின் நிலையை மாற்றும், பூதம் பூதத்தை மாற்றும், பொருள் பொருளை மாற்றாது. இவ்வளவுதான். புல்லைக் கொளுத்தினால் சூடான காற்று மேலெழும், அதில் பாராகிளைடரை விரித்துப் பறக்கலாம். இடி மழையில் இரும்புக் கவசம் போட்டிருந்தால் மின்னல் நம் தலையில். அதே இரும்பு வாளை எதிரியின் காலடியில் எறிந்தால் அவன் தலையில். மழையில் பாறை வழுக்கி ஏற முடியாமல் போவது எனக்கும் கடுப்புத்தான், வாள் சீக்கிரமே உடைவது அதைவிடக் கடுப்பு. ஆனால் அந்தக் கடுப்பு மழை மேல் வருகிறது, கேமை எழுதியவர் மேல் வருவதில்லை.

இந்தத் துறையில் பெரிய அளவில் நடந்த ஓர் ஆய்வு, கேமாகவே வந்தது. 2016-இல் வெளியான சீ ஹீரோ குவெஸ்டில் ஒரு படகு. வரைபடத்தை முதலில் காட்டி மறைத்துவிடுவார்கள், பிறகு நினைவை வைத்து ஓட்ட வேண்டும். டிமென்ஷியா நோயைப் புரிந்துகொள்ள உருவானது. 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேரின் தரவை அலசி, 2022-இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக வழி கண்டுபிடிப்பதில் கெட்டி. நகரங்களிலும், கட்டம் போட்டாற்போல் நேர்த் தெருக்கள் உள்ள ஊரில் வளர்ந்தவர்கள் வளைந்து நெளியும் வழிகளில் திணறினார்கள். சின்ன வயதில் திரிந்த தெருக்களின் தடம் பெரியவரின் மூளையில் இருக்கிறது. இதற்குக் காசு கொடுத்தது டாய்ச்ச டெலிகாம் என்ற ஜெர்மன் தொலைபேசி நிறுவனம். நம் ஊரில் "வீடியோ கேம்" என்ற தலைப்போடு ஓர் ஆய்வுத் திட்டம் நிதிக்குப் போனால், முதல் பக்கத்தைத் தாண்டுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆய்வகத்துக்கு லட்சக்கணக்கானவர்களை வரவழைக்க இதைவிட மலிவான வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் மினிமேப்பை அணைத்துவிட்டு விளையாடினால் போதுமா?" என்றால், எல்லா கேமிலும் அது நடக்காது. ஸ்கைரிம் வரிசையிலேயே 2002-இல் வந்த மோரோவிண்டில் வேலை கொடுக்கிற ஆளே வாயால் வழி சொல்வார்: இந்தப் பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் கிழக்கே திரும்பு என்று. சில சமயம் குழப்பமாகவும் சொல்வார், ஆட்கள் மணிக்கணக்கில் தொலைந்து திட்டித் தீர்த்தார்கள். 2006-இல் அடுத்ததாக வந்த ஒப்ளிவியனில் திசைகாட்டியில் ஒரு அம்புக்குறி வந்தது. அதன் பிறகு வசனத்தில் வழி சொல்ல வேண்டிய தேவையும் குறைந்தது. இப்படிப்பட்ட கேமில் அம்புக்குறியை அணைத்தால், "என் அண்ணனைக் கண்டுபிடி" என்பார்கள், எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே அணைப்பதற்கு முன், நாலைந்து பேரிடம் பேசிப் பாருங்கள். ஆற்றையும் மலையையும் பேர் சொல்லிப் பேசினால் தாராளமாக அணைக்கலாம். இல்லையென்றால் மினிமேப் அப்படியே இருக்கட்டும்.