சிரை அறுவையா, இரத்தம் எடுத்தலா?

எதிர்வீட்டு ஆயாவுக்குச் சர்க்கரையும் உப்பும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு வெறும் வயிற்றோடு அழைத்துப் போனேன். கையெழுத்துக்கு நீட்டிய தாளின் முதல் வரி: 'எனக்குச் சிரை அறுவை செய்ய முழு மனதுடன் இசைகிறேன்.' வாசித்துக் காட்டியதும் ஆயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ரத்தம் எடுக்கத்தானே தம்பி வந்தோம்? ஆபரேஷன் என்று நீ சொல்லவே இல்லையே!"

இந்தச் சிரை அறுவை என் கண்ணில் படுவது நான்காவது முறை. இனியும் பொறுப்பதற்கில்லை.

மூலச்சொல் ஃபிளெபாடமி, இரத்தம் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். கிரேக்கத்தில் 'ஃபிளெப்ஸ்' சிரை, அதாவது இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்; 'டோமே' வெட்டு. கையைக் கத்தியால் கீறிக் கிண்ணத்தில் இரத்தம் பிடித்த காலத்துப் பெயர். கத்தி போய் ஊசி வந்தது, பெயர் தங்கிவிட்டது. அவ்வளவுதான் வரலாறு.

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கிரேக்கக் கத்தியை எடுத்து வந்து ஆயாவின் மடியில் போட்டிருக்கிறார். யார் எதை அறுக்கிறார்கள்? ஊசி நுழைகிறது, குழாய் நிறைகிறது, பஞ்சை வைத்து அழுத்துகிறார்கள். போகட்டும், 'சிரை' தூய தமிழாவது ஆகுமா? 'சிரா' என்ற வடசொல்லின் மகன் அது. எங்கள் பக்கத்தில் சிரைப்பது என்றால் முடிதிருத்தகம்தான் நினைவுக்கு வரும். ஊசி போடுகிற பெண்ணோ, "நரம்பு தெரியவில்லை ஆயா, கையை நன்றாக நீட்டுங்கள்" என்கிறார். நரம்பு என்பது மூளையிலிருந்து வருவது என்று பாடநூல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், யாழில் கட்டியதும் நரம்புதான். அந்தச் சொல் ஆயாவுக்குப் புரிந்தது, கை நீண்டது.

கை நீட்டுவதே ஒரு இசைவு என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தம் எடுக்க வந்தவர் சட்டையை மடித்துக் கையைக் கொடுத்தால் சம்மதித்தார் என்றே பொருள். வேண்டாம் என்று இழுத்துக்கொண்ட கையில் குத்தினால் அது குற்றம். எச்.ஐ.வி. சோதனைக்கு இது போதாது. விளக்கிச் சொல்லி இசைவு பெற வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். நோயறியும் சோதனைக்குக் கொடுத்த இசைவைச் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. சோதனை வேறு, அறுவை வேறு என்று நீதிமன்றமே பிரித்து வைத்ததை, ஒரு சொல்லால் ஒட்டிவிட்டார் நம் ஆள். புரியாத தாளில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

இன்னொரு கட்சி 'குருதி வடிப்பு' என்கிறது. வடிப்பது கஞ்சியை. உடலில் இரத்தச் சிவப்பணுவோ இரும்போ மிகுந்தவர்களுக்கு ஒரே அமர்வில் ஏறத்தாழ 450 மில்லி வெளியேற்றுகிறார்களே, அதற்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். ஆனால் அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டை விடல், கொம்பு கட்டல் இவற்றோடு 'குருதி வாங்கல்' என்று ஒன்று உண்டு. ஆகவே சிகிச்சைக்குக் குருதி வாங்கல். சோதனைக்கு இரத்தம் எடுத்தல். ஆங்கிலம் ஒரே பெயரில் குழப்பி வைத்திருப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துத் தருகிறது. வேண்டாம் என்கிறவர்களை என்ன செய்வது?

செய்பவருக்கு 'சிரை அறுவையர்' என்றும் ஒரு இடத்தில் பார்த்தேன். ஆய்வக நுட்புநர் என்ற சொல் அரசு ஆணைகளிலேயே இருக்கிறது. லேப் டெக்னீஷியன் என்றாலும் குடி முழுகிவிடாது.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த தாளில் 'இரத்தச் சிதைவு காரணமாக மாதிரி நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தது. நடந்தது இதுதான்: மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். உள்ளிருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு வெளியே கொட்டும். உப்புக் கணக்கு பொய்யாக ஏறிக் காட்டும். ஊசி போடுமுன் கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும், கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் அளவுகள் கெடும். பெரும்பாலும் எடுத்த விதத்தில் வரும் பிழை இது. 'எடுத்த இரத்தத்தில் அணுக்கள் உடைந்துவிட்டன, மீண்டும் எடுக்க வேண்டும்' என்று எழுத எத்தனை மை செலவாகும்? சிதைவு என்று எழுதிப் பழியை ஆயாவின் உடம்பின் மேல் போட்டுவிட்டார்கள்.

குழாயில்தான் உடைந்தது, உங்கள் உடம்பில் இல்லை என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். ஆயா நம்பவில்லை. சிதைந்த ரத்தம் ஊறி வரட்டும் என்று தினமும் காலையில் பீட்ரூட் சாறு குடிக்கிறார், சர்க்கரை போட்டு.